ஆதிப்புள்ளி



இன்றைய உரையின் பொருள் ஒரு புள்ளி. அதற்கு நீளமும் இல்லை, அகலமும் இல்லை. ஆயினும் உலகின் எந்த இடத்தையும் எண்ணால் சுட்ட வேண்டுமாயின் அப்புள்ளியின் துணை வேண்டும். ஒன்பதாம் வகுப்பு மாணவர் வரைபடத் தாளில் கிடையாக ஒரு கோடும் நெடுக்காக ஒரு கோடும் வரைவர். இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஒரு சுழியம் இடுவர். அவ்விடத்துக்கு ஆதிப்புள்ளி என்பது பாடநூல் வழங்கும் பெயர்.

ஆதி என்னும் சொல் இவ்வவைக்குப் புதிதன்று. முதல் தீர்த்தங்கரரை ஆதிநாதர் என்று போற்றும் மரபினர் அதன் பெருமையை நன்கு அறிவர். ஆனால் அச்சொல்லுக்கு இரு பொருள் உண்டு. காலத்தாலும் சிறப்பாலும் முதன்மையானது என்பது ஒன்று. கணக்குத் தொடங்கும் இடம் என்பது மற்றொன்று. வடிவியலில் வரும் ஆதிக்கு இரண்டாம் பொருள் மட்டுமே உரியது. அப்புள்ளி பிற புள்ளிகளைவிட உயர்ந்ததன்று, பழையதும் அன்று. இங்கிருந்து எண்ணுவோம் என்று மக்கள் உடன்பட்ட இடம் அது. இவ்விரு பொருளையும் ஒன்றெனக் கொள்வதால் விளையும் குழப்பங்கள் பல. அவற்றைப் பிரித்தறிவதே இவ்வுரையின் நோக்கம்.

ஓர் ஊரை எண்ணிப் பார்க்கலாம். ஊரின் நடுவே நாற்சந்தி. அதிலிருந்து கிழக்கே 3 பங்கு, பிறகு வடக்கே 4 பங்கு நடந்தால் கோயில். அதே நாற்சந்தியிலிருந்து கிழக்கே 7, வடக்கே 7 நடந்தால் குளம். நாற்சந்தியை ஆதிப்புள்ளியாகக் கொண்டால் கோயிலின் ஆயத்தொலைவுகள் 3, 4 ஆகும். குளத்தின் ஆயத்தொலைவுகள் 7, 7 ஆகும். கோயிலிலிருந்து குளம் கிழக்கே 4, வடக்கே 3 தள்ளி இருக்கிறது. எனவே செங்கோண முக்கோண விதிப்படி இரண்டுக்கும் இடையே நேர்த்தொலைவு 5.

இப்போது வேறொருவர் வருகிறார். நாற்சந்தி எதற்கு, கோயிலே ஊருக்கு ஆதி என்கிறார். அப்படியே கொள்ளலாம். கோயில் இனி சுழியம், சுழியம். குளம் 4, 3. எண்கள் எல்லாம் மாறிவிட்டன. ஆனால் கோயிலுக்கும் குளத்துக்கும் இடைப்பட்ட தொலைவைக் கணக்கிட்டால் மீண்டும் அதே 5 வருகிறது. பெயர்கள் மாறின, உறவு மாறவில்லை. ஆதிப்புள்ளி எங்கிருந்தாலும் கோயிலிலிருந்து குளத்துக்கு நீர் எடுக்கச் செல்பவர் நடக்கும் நடை ஒன்றேதான்.

இடத்தை எண்ணால் சுட்டும் இம்முறையை வடிவியலுக்குள் முறையாகக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் பிரான்சு நாட்டு அறிஞர் தெகார்த்து. அவருடைய வடிவியல் நூல் 1637-இல் வெளிவந்தது. அதே காலத்தில் அதே நாட்டவரான ஃபெர்மாவும் தனியே இம்முறையைக் கண்டிருந்தார். இன்று பள்ளியில் வரையும் இரு செங்குத்து அச்சுகளும் நான்கு பகுதிகளும் தெகார்த்தின் நூலில் அவ்வாறே அமைந்திருக்கவில்லை. அவர் தமக்கு வேண்டிய ஒரு கோட்டைத் தேர்ந்து, அதில் ஒரு புள்ளியிலிருந்து அளக்கத் தொடங்கினார். கணக்கு எளிதாகும் இடம் எதுவோ அதுவே அவருக்குத் தொடக்கம். முறைப்பட்ட அச்சுகளும் குறை எண்களும் பின்வந்தோர் சேர்த்தவை. ஆதிப்புள்ளி இயற்கையில் கண்டெடுக்கப்பட்டதன்று, மனிதர் தம் வசதிக்காக நாட்டிக்கொண்டது என்பதற்கு இப்பிறப்பு வரலாறே சான்று.

இந்திய வானநூலாரும் இவ்வுண்மையை நன்கு அறிந்திருந்தனர். சித்தாந்த நூல்கள் உச்சயினி வழியே வடக்கு தெற்காகச் செல்லும் கோட்டை முதல் நெடுங்கோடாகக் கொண்டன. அக்கோடு நிலநடுக்கோட்டைத் தொடும் இடத்துக்கு இலங்கை என்று பெயரிட்டன. அந்த இலங்கை இன்றைய இலங்கைத் தீவு அன்று. கடலில் கணக்குக்காக நிறுத்தப்பட்ட புள்ளி அது. அகலக் கணக்கும் நெடுங்கணக்கும் அங்கே சுழியம். எந்த ஊரின் காலத்தைக் கணிக்க வேண்டுமாயினும், அவ்வூர் உச்சயினிக் கோட்டுக்குக் கிழக்கோ மேற்கோ எவ்வளவு தள்ளியுள்ளது என்று கண்டு திருத்தம் செய்தனர். பஞ்சாங்கக் கணிதத்தில் தேசாந்தரம் என்று வழங்குவது இதுவே.

சமண நூல்களில் உலக அளவைக்கு ஆதியாக நிற்பது மேரு. சம்பூத்தீவின் விட்டம் ஒரு லட்சம் யோசனை, அதன் நடுவில் மேரு. உலகின் நடுவே, மேருவின் அடியில் எட்டுப் பிரதேசங்கள் உள்ளன என்றும், திசைகள் அங்கிருந்தே புறப்படுகின்றன என்றும் நூல்கள் உரைக்கும். ஒரு பரமாணு தங்கும் அளவு இடமே ஒரு பிரதேசம். அது பிளக்க இயலாதது. வடிவியல் கூறும் பரிமாணமற்ற புள்ளியும் பிரதேசமும் ஒன்றல்ல. ஆயினும், திசை என்று ஒன்றைச் சொல்வதற்கு முன் அது எங்கிருந்து என்பதை நிறுவ வேண்டும் என்னும் தெளிவு இரண்டிலும் உண்டு.

அந்நூல்களிலேயே ஓர் அழகிய கணக்கு உள்ளது. சூரியன் தன் உள்வட்டப் பாதையில் செல்லும்போது சம்பூத்தீவின் விளிம்பிலிருந்து 180 யோசனை உள்ளே வருகிறது. எனவே அப்பாதை தீவின் நடுப்புள்ளியிலிருந்து 49,820 யோசனைத் தொலைவில் இருத்தல் வேண்டும். ஆனால் மேருவிலிருந்து சூரியனின் உள்வட்டம் 44,820 யோசனை என்றே நூல்கள் கூறுகின்றன. மேலோட்டமாகப் படிப்பவர் இரண்டும் முரண் என்று கருதக்கூடும். முரண் ஏதும் இல்லை. தரைமட்டத்தில் மேருவின் விட்டம் 10,000 யோசனை, அதில் பாதி 5,000. முதல் எண் மேருவின் மையத்திலிருந்து அளந்தது. இரண்டாவது எண் மேருவின் பக்கத்திலிருந்து அளந்தது. பாதை ஒன்று, எண் இரண்டு. எங்கிருந்து அளந்தது என்பதை அறிந்தவருக்குக் குழப்பமில்லை. அறியாதவர் நூலைக் குறை கூறுவார்.

இனி மண்ணை அளந்த வரலாற்றுக்கு வரலாம். இந்தியப் பெருநிலத்தை முறையாக அளக்கும் பணி தொடங்கிய இடம் சென்னை. வில்லியம் லாம்டன் என்னும் படை அலுவலர் 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள் பரங்கிமலையை அடுத்த சமவெளியில் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அதன் நீளம் ஏழரை மைல். நூறு அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியை மீண்டும் மீண்டும் வைத்து அளந்த கோடு அது. வெயிலில் சங்கிலி நீளும், குளிரில் சுருங்கும். ஆதலால் ஒவ்வொரு முறையும் வெப்பநிலையும் குறிக்கப்பட்டது. அந்த ஒரு கோடு சரியாக அமைந்துவிட்டால் அதன்மேல் முக்கோணம் முக்கோணமாக அடுக்கி, கோணங்களை மட்டும் அளந்தே நாடு முழுவதையும் கணக்கிட இயலும்.

குன்றில்லாத காவிரிச் சமவெளியில் தொலைவு காண உயரம் வேண்டும் என்பதால் கோயில்களின் உயரமும் பயன்பட்டது. 1808-இல் தஞ்சையில் அரை டன் எடையுள்ள தியோடலைட் என்னும் கோணக் கருவியைக் கோயிலின் மேல் ஏற்றுகையில் கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நெளிந்தது. லாம்டன் அதைத் தாமே வாரக்கணக்கில் உழைத்துச் சீர்செய்தார். கன்னியாகுமரியிலிருந்து இமயத்தின் அடிவாரம் வரை ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர் நீண்ட அப்பணியின் முடிவைக் காணாமலே 1823-இல் மறைந்தார். ஜார்ஜ் எவரெஸ்ட் அதைத் தொடர்ந்து நிறைவேற்றினார்.

முக்கோணங்களை அடுக்கினால் ஊர்களுக்கு இடைப்பட்ட தொலைவு கிடைக்கும். ஆனால் அவ்வலை உலகப் படத்தில் எங்கே பொருந்தும்? அதற்கு ஓர் ஆதி நிலையம் வேண்டும். இன்றைய மத்தியப் பிரதேசத்தில் சிரோஞ்சு என்னும் ஊருக்கு அருகே உள்ள கல்யாண்பூர்க் குன்று அதற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்டது. வடக்கே ஏறத்தாழ 24 பாகை 7 கலை, கிழக்கே 77 பாகை 39 கலையில் அமைந்தது அது. ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு கலை என்பதை அவையோர் அறிவர். நாட்டின் நடுப்பகுதியைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. இமயத்தின் பெருந்திணிவு தூக்குக் குண்டைத் தன்பால் சற்றே ஈர்க்கும். குண்டு சாய்ந்தால் மேல்கீழ் என்னும் அளவே பிழைபடும். மலைக்கும் கடலுக்கும் தொலைவான இடத்தில் அப்பிழை குறையும் என்று எண்ணினர்.

நெடுங்கோட்டுக் கணக்குக்கு அவர்கள் நம்பியிருந்தது சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-இல் நிறுவப்பட்ட வான்நோக்கு நிலையத்தை. அந்நிலையத்தின் கருங்கல் தூண் இன்றும் அங்கு நிற்கிறது. தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் எழுத்துப் பொறிக்கப்பட்ட தூண் அது. கிரீன்விச்சிலிருந்து சென்னை எத்தனை பாகை கிழக்கே உள்ளது என்பதை வான்பொருள்களைப் பார்த்துக் கணித்தனர். பிற்காலத்தில் கடலடித் தந்திக் கம்பி வந்தது. லண்டனின் நேரத்தையும் சென்னையின் நேரத்தையும் ஒரே கணத்தில் ஒப்பிட முடிந்தது. அப்போது வெளிப்பட்ட செய்தி வியப்புக்குரியது. நாட்டுப் படங்கள் அனைத்திலும் நெடுங்கோட்டு எண் ஏறத்தாழ 2 கலை 27 விகலை மிகையாக இருந்தது. சென்னையின் அகலக்கோட்டில் அது 4 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு.

நாடு முழுவதுமே படத்தில் 4 கிலோமீட்டர் கிழக்கே தள்ளி வரையப்பட்டிருந்தது என்றால் நூறாண்டு உழைப்பு வீணாயிற்றா? இல்லை. ஒரு வயலின் எல்லையும் கெடவில்லை. சென்னைக்கும் திருவண்ணாமலைக்கும், திருவண்ணாமலைக்கும் வேலூருக்கும் இடைப்பட்ட தொலைவில் ஒரு முழமும் பிழையில்லை. ஏனெனில் எல்லா ஊர்களும் ஒரே அளவு நகர்ந்திருந்தன. தொடக்க எண்ணில் இருந்த பிழை எல்லாவற்றுக்கும் பொதுவாயிருந்ததால், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கும்போது அது தானே நீங்கிவிட்டது. சென்னை நிலையத்தின் நெடுங்கோடு இவ்வளவு எனக் கொள்ளப்பட்டது என்னும் குறிப்பும் பழைய படங்களின் ஓரத்தில் அச்சிடப்பட்டிருந்தது. ஆதலால் திருத்தமும் எளிதாயிற்று, எல்லா நெடுங்கோடுகளிலிருந்தும் ஒரே எண்ணைக் கழித்தால் போதும். ஆதியை வெளிப்படையாக அறிவித்து, கடைசி வரை ஒரே ஆதியைப் பின்பற்றிய நேர்மையே அவ்வுழைப்பைக் காத்தது.

உலகுக்கெல்லாம் பொதுவான ஓர் ஆதிக்கோடு வேண்டும் என்னும் எண்ணம் 1884-இல் உருப்பெற்றது. அவ்வாண்டு அக்டோபரில் வாஷிங்டனில் 25 நாடுகளின் பேராளர்கள் கூடினர். லண்டனை அடுத்த கிரீன்விச் வழியே செல்லும் கோட்டைச் சுழியமாகக் கொள்ள 22 நாடுகள் வாக்களித்தன. ஒரு நாடு எதிர்த்தது. பிரான்சும் பிரேசிலும் வாக்களிக்கவில்லை. கிரீன்விச்சுக்குத் தெய்வத்தன்மை ஏதும் இல்லை. அக்காலக் கப்பல்களுள் மிகப் பெரும்பாலானவை அக்கோட்டைக் குறித்த படங்களையே பயன்படுத்தின என்பதே காரணம். பிரான்சு தன் பாரிசுக் கோட்டை எளிதில் விடவில்லை. 1911-இல் இயற்றிய சட்டத்திலும் கிரீன்விச் என்னும் பெயரை எழுதாமல், பாரிசு நேரத்திலிருந்து 9 நிமிடம் 21 விநாடி குறைத்தது நாட்டின் நேரம் என்றே எழுதிற்று. அது கிரீன்விச் நேரமே. பெயரை விட மனமில்லை, எண்ணை ஏற்றுக்கொண்டது.

இன்று கிரீன்விச்சுக்குச் சென்று பித்தளைக் கோட்டின்மேல் கைப்பேசியுடன் நிற்பவர் ஒரு புதுமையைக் காண்பர். கருவி சுழியத்தைக் காட்டாது. சுழியம் வேண்டுமாயின் கிழக்கே 102 மீட்டர் நடக்க வேண்டும். பழைய கோடு தூக்குக் குண்டின் வழி நிறுவப்பட்டது. அவ்விடத்து ஈர்ப்பு சற்றே சாய்ந்திருந்தது. இன்றைய செயற்கைக்கோள் முறை, கடலும் காற்றும் உட்பட பூமியின் முழுத்திணிவுக்கும் உரிய மையத்தை ஆதிப்புள்ளியாகக் கொள்கிறது. கல்யாண்பூரை ஆதியாக வைத்துக் கணித்த பூமி வடிவின் மையமும் இந்த உண்மை மையத்திலிருந்து 800 மீட்டருக்கு மேல் விலகி இருப்பதாகத் தெரிந்தது. அதனால் அக்காலத்தார் அறிவிலர் என்று கொள்ளுதல் தகாது. அவர்கள் இந்திய மண்ணுக்குப் பொருந்தும் வடிவைத் தேடினர். இன்றையோர் உலகு முழுமைக்கும் பொருந்தும் வடிவைத் தேடுகின்றனர். நோக்கம் வேறு, ஆதியும் வேறு.

உயரத்துக்கும் ஓர் ஆதி உண்டு. தொடர்வண்டி நிலையங்களின் மஞ்சள் பலகையில் ஊர்ப்பெயருக்குக் கீழே, கடல் மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டர் என்று எழுதியிருப்பதை யாவரும் கண்டிருப்பர். எந்தக் கடல்? அலை எழுகிறது, விழுகிறது. ஓதம் ஏறுகிறது, வற்றுகிறது. சென்னை, நாகப்பட்டினம் உள்ளிட்ட ஒன்பது கரையோர இடங்களில் கடலின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் நெடுங்காலம் அளந்து, சராசரி கண்டு, அதனையே இந்தியாவின் உயரக் கணக்குக்கு 1909-இல் ஆதியாக நிறுவினர்.

இரண்டு ஆதிகள் கலந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஐரோப்பாவில் ஒரு பாலம் சான்று. செருமனியும் சுவிட்சர்லாந்தும் ரைன் ஆற்றின் இரு கரையிலிருந்தும் லாஃபன்பர்க் என்னும் ஊரில் பாலம் கட்டின. செருமனியின் உயரக் கணக்கு வடகடலைச் சார்ந்தது. சுவிட்சர்லாந்தின் கணக்கு மத்தியதரைக் கடலைச் சார்ந்தது. இரண்டுக்கும் வேறுபாடு 27 சென்டிமீட்டர் என்பது பொறியாளர்களுக்கு முன்பே தெரியும். திருத்தமும் செய்தனர். ஆனால் கூட்ட வேண்டிய இடத்தில் கழித்துவிட்டனர். 2003-இல் பார்க்கும்போது இரு கரை வேலைகளுக்கும் இடையே 54 சென்டிமீட்டர் வேறுபாடு நின்றது. பிறகு ஒரு பக்கத்தைச் சரிசெய்து பாலத்தை முடித்தனர். இரு நாட்டாரும் தத்தம் கணக்கில் பிழை செய்தவரல்லர். ஒருவர் ஆதியிலிருந்து மற்றவர் ஆதிக்குச் செல்லும் வழியில்தான் பிழை நேர்ந்தது.

காலக் கணக்கிலும் இதுவே நிலை. வீர நிர்வாண ஆண்டு கி.மு. 527-ஐ ஆதியாகக் கொண்டது. திருவள்ளுவர் ஆண்டு கி.மு. 31-ஐயும் சக ஆண்டு கி.பி. 78-ஐயும் தொடக்கமாகக் கொண்டன. ஒரே நாளுக்கு இவ்வாறு பல ஆண்டு எண்கள் அமைகின்றன. ஆயினும் ஒருவர் பிறந்த ஆண்டையும் இன்றைய ஆண்டையும் ஒரே முறையில் எழுதிக் கழித்தால், எம்முறையிலும் அவர் வயது ஒன்றே. பிறந்த ஆண்டைச் சக ஆண்டில் எழுதி, இன்றைய ஆண்டை வீர நிர்வாண ஆண்டில் எழுதிக் கழித்தால்தான் அறுபது வயதுப் பெரியவருக்கு அறுநூறு ஆண்டுக்கு மேல் வயதாகும்.

சுழியம் பற்றியும் ஓர் எச்சரிக்கை தேவை. அகலக்கோடும் நெடுங்கோடும் சுழியமாகும் இடம் ஆப்பிரிக்காவின் மேற்கே கினி வளைகுடாக் கடலில் உள்ளது. அங்கே நிலம் இல்லை. ஒரு வானிலை மிதவை மட்டுமே நிறுத்தப்பட்டிருந்தது. ஆனால் கணினிப் பதிவுகளில் எண்ணற்ற வீடுகளும் கடைகளும் அக்கடலில் இருப்பதாகக் காட்டப்பட்டதுண்டு. காரணம் எளியது. முகவரி தெரியாதபோது சில மென்பொருள்கள் வெற்றிடத்தைச் சுழியம் என்று எழுதிவிடுகின்றன. சுழியம் என்பது ஆதியில் இருக்கிறது என்னும் உறுதியான செய்தி. தெரியாது என்பது செய்தியே இல்லாத நிலை. இரண்டையும் ஒன்றாக எழுதினால் தெரியாதவை அனைத்தும் ஆதியில் குவியும்.

இனி, உழுது வாழும் குடும்பங்கள் பலவுள்ள இவ்வவைக்கு மிக நெருங்கிய செய்தி நில அளவை. ஊர்ப் புலப்படத்தில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு படம் உண்டு. வயலின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு ஒரு கோடு இட்டிருப்பர். அக்கோட்டின் வழியே எவ்வளவு சென்று, பக்கவாட்டில் செங்குத்தாக எவ்வளவு திரும்பினால் வரப்பின் வளைவு வரும் என்று எண்கள் எழுதியிருப்பர். தெகார்த்தின் முறையும் இதுவே. வழியே செல்லும் தொலைவு ஓர் ஆயத்தொலைவு, பக்கவாட்டுத் தொலைவு மற்றொன்று, தொடக்கத்தில் நட்ட கல் ஆதிப்புள்ளி. அளக்க வரும் அலுவலர் முதலில் தேடுவது வரப்பை அன்று, கல்லை. வரப்பு ஆண்டுதோறும் ஏர் முனையில் தேயும், நகரும். கல் நிற்குமாயின் வரப்பை மீட்கலாம். ஒரு கல் காணாமற் போனாலும் நிலைபெயராத வேறு இரண்டு கற்களிலிருந்து அதன் இடத்தைக் கணித்து மீண்டும் நடலாம். ஆனால் ஒருவர் இரவில் கல்லைப் பெயர்த்து இரண்டடி தள்ளி நட்டுவிட்டால், பிறகு செய்யும் அளவெல்லாம் எண்ணளவில் சரியாகவும் பொருளளவில் பொய்யாகவும் அமையும். சங்கிலி பொய் சொல்லாது. சங்கிலி தொடங்கிய இடம் பொய் சொல்லும். கள்ளாமை என்னும் நோன்பு பொன்னுக்கும் பொருளுக்கும் மட்டும் உரியதன்று, எல்லைக் கல்லுக்கும் உரியது.

இதுவரை கூறியவற்றால் மூன்று விதிகள் பெறப்படும். ஆதியைத் தேர்வதில் உரிமை உண்டு. தேர்ந்த ஆதியை அறிவிப்பது கடமை. கணக்கு முடியும் முன் அதைச் சொல்லாமல் மாற்றுவது குற்றம்.

சமண நெறி நயம் என்று கூறுவதும் இவ்விடத்தில் நினைவுகூரத் தக்கது. ஒரு பொருளை ஒரு நோக்கில் நின்று உரைப்பது நயம். சியாத் என்னும் சொல், இன்ன நோக்கில் என்பதைக் கேட்போர்க்கு உணர்த்துவது. ஆதி கூறாத ஆயத்தொலைவு எவ்வாறு பொருளற்றதோ, அவ்வாறே நோக்குக் கூறாத கூற்றும் முழுமையற்றது. கோயில் 3, 4-இல் உள்ளது என்பவரும் கோயில் சுழியத்தில் உள்ளது என்பவரும் சண்டையிட வேண்டியதில்லை. எங்கிருந்து என்று ஒருவரையொருவர் கேட்டால் போதும்.

ஆனால் இதிலிருந்து எல்லாக் கூற்றும் மெய்யே, யார் எதைச் சொன்னாலும் சரியே என்று முடிவு கட்டுவது பெரும்பிழை. அநேகாந்தத்தின்மேல் அறியாதார் சுமத்தும் பழியும் அதுவே. எந்த ஆதியை வைத்தாலும் கோயிலுக்கும் குளத்துக்கும் தொலைவு 5. எந்த ஆதியிலிருந்து அளந்தாலும் 6 என்பவர் பிழைபட்டவரே. நோக்கு மாறும்போது எண் மாறலாம். பொருள்களுக்கு இடையே உள்ள உண்மையான உறவு மாறாது. பல நோக்குகளையும் கற்பதன் பயன், அவை அனைத்திலும் மாறாது நிற்பது எது என்று கண்டறிவதே. மாறுவது எது, மாறாதது எது என்று பிரித்தறியும் ஆற்றலையே வடிவியல் இளைஞர்க்குப் பயிற்றுகிறது. இடத்தின் பெயரை மட்டும் மனப்பாடம் செய்யும் மாணவர் தேர்வில் எழுதுவார். ஆதியை நகர்த்திப் பார்த்து, எது நகரவில்லை என்று கண்டவரே பாடத்தை உணர்ந்தவர்.

இக்கருத்து வாழ்வில் பயன்படும் இடங்கள் பல. உடன்பிறந்தோர் நிலம் பிரிக்கையில், யாருக்கு எவ்வளவு என்று பேசும் முன் எந்தக் கல்லிலிருந்து அளப்பது என்று உடன்படட்டும். ஒருவர் பாட்டனார் காலத்துக் கொடுக்கல் வாங்கலிலிருந்து கணக்கைத் தொடங்குகிறார். மற்றவர் தந்தையார் எழுதிய பத்திரத்திலிருந்து தொடங்குகிறார். இருவர் கூட்டலும் கழித்தலும் பிழையற்றவை, விடைகள் மட்டும் ஒவ்வா. இத்தகைய பிணக்கில் கூட்டலைச் சரிபார்ப்பதால் பயனில்லை. தொடக்கத்தைப் பேசித் தீர்த்தால் கணக்குத் தானே தீரும். அறக்கட்டளைகளின் வரவு செலவிலும் முதல் வரியில் நிற்கும் தொடக்க இருப்பு ஓர் ஆதிப்புள்ளி. அது தெளிவாக எழுதப்பட்டிருந்தால் பின்வரும் தலைமுறை ஒவ்வொரு பக்கத்தையும் சோதிக்கலாம். அது மறைக்கப்பட்டால் பக்கங்கள் எத்தனை இருந்தும் பயனில்லை.

லாம்டனும் அவர்பின் வந்தோரும் தொடக்க எண்ணைப் பிழையாகக் கொண்டும் உழைப்பைக் காத்துக்கொண்டனர். அவர்கள் கொண்டது இன்னது என்று எழுதி வைத்தமையால் அடுத்த தலைமுறை அதைத் திருத்திக்கொண்டது. எழுதி வைத்த பிழை திருத்தத்துக்கு வழிவிடும். சொல்லாமல் விட்ட தொடக்கம் சரியாகவே இருந்தாலும் பின்வந்தோர்க்கு ஐயத்தையே தரும். ஆகவே வீட்டிலும் நிலத்திலும் அவையிலும் ஒரு கணக்கோ வழக்கோ எழும்போது, எவ்வளவு என்று கேட்பதற்கு முன் எங்கிருந்து என்று கேட்கும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது பெற்றோர் கடமை.